நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஊர் மாறி வந்த குடும்பம்: கொங்கு நாட்டில் வம்சாவளி தேட ஒரு முழுமையான வழிகாட்டி

காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்து வானம் பார்த்த காடுகளை விட்டு, 19-ஆம் நூற்றாண்டில் பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலை, கோபிப் பக்கம் குடி மாறிய வேளாண் குடும்பங்கள் பல. "தாதுப் பஞ்சத்துல வந்தவங்க" (1876 முதல் 1878 வரை நீண்ட பஞ்சம்) என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் கைக்கு வராத பேரன் பேத்திகளுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்றுதான். கூட்டத்தின் (குலப் பிரிவின்) பெயரையும் குலதெய்வக் கோயிலையும் தெரிந்துகொண்டு, அங்கிருந்து கீழே இறங்கப் பார்க்கிறார்கள். ஒரு கூட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கும். உங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) அப்பாரு அதில் எந்த வீட்டுப் பிள்ளை என்பதைக் கூட்டத்தின் பெயர் சொல்லாது. இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறி, ஊர் மாறி வந்தவரைக் கண்டுபிடித்து, அதன்பிறகுதான் பழைய ஊருக்குள் கால் வைக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இதற்காகவே. வரிசையை மாற்றாதீர்கள்.

1. கையில் எடுக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு, கேமரா உள்ள போன், தாலுகா வரைபடம். இவற்றோடு வருஷக் கணக்கு அட்டை ஒன்றை நீங்களே எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டை இல்லாமல் ஒரு பத்திரத்தைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியாது.

நிலவரிக் கணக்குக்கு வைத்த பசலி வருஷத்தோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் என்பதால், பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. மலையாளத்துக் கொல்லம் ஆண்டோடு 825 கூட்ட வேண்டும். ஆவணித் தொடக்கத்திலிருந்து மார்கழிப் பாதி வரையிலான மாதங்களுக்கு மட்டும் 824. பாலக்காடு, சித்தூர்ப் பக்கம் தொடர்புள்ள குடும்பங்களுக்கு இது தேவைப்படும்.

தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1816, 1876, 1936 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எது என்பதை அந்த ஆவணத்தில் உள்ள வேறொரு தகவலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால், தாது வருஷம் மாசி மாதம் என்பது 1877-இல் விழும். இந்த ஒரு வருஷப் பிசகு நிறைய வம்சாவளி மரங்களில் இருக்கிறது.

ஒரு விதியையும் முதல் நாளே வகுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தகவலை எழுதினாலும் யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் பார்த்தது, எந்தத் தேதியில் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து இரண்டு தகவல்கள் முட்டிக்கொள்ளும்போது, எதை நம்புவது என்று தீர்மானிக்க வேறு வழி இருக்காது.

2. பெரியவர்களிடம் கேட்பது: பெண்களிடமிருந்து தொடங்குங்கள்

ஆண்களிடம் கேட்டால் நிலத்தையும் சண்டையையும் சொல்வார்கள். உறவு முறையைச் சொல்பவர்கள் பெண்கள். வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கு யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தப் பாடம் எண்பது வயதிலும் அவர்களுக்கு மறப்பதில்லை.

"நாம எந்த ஊர்ல இருந்து வந்தோம்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்டால் ஊரே சொல்லும் கதைதான் வரும். பழக்கவழக்கத்தைக் கேளுங்கள். எந்தெந்த ஊர் எழவுக்குப் போவீர்கள்? அந்த ஊரில் யார் செத்தால் தீட்டுக் காப்பீர்கள்? பொங்கல் வைக்க எந்தக் கோயிலுக்கு வண்டி கட்டுவார்கள், போகிற வழியில் எந்த ஊரில் யார் வீட்டில் தங்குவார்கள்?

தீட்டைப் பற்றிய கேள்வி மிக முக்கியம். நட்புக்காகவோ சாதிக்காகவோ யாரும் தீட்டுக் காப்பதில்லை. பெரும்பாலும் ஒரே தகப்பன் வழி வந்த பங்காளிக்குத்தான் காப்பார்கள். நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஓர் ஊர்க்காரர் செத்ததற்கு உங்கள் அப்பத்தா தீட்டுக் காத்திருந்து, அது அவர் பிறந்த வீட்டுச் சாவு இல்லையென்றால், ஊர் மாறுவதற்கு முந்தைய கிளை ஒன்று அங்கே இருக்கலாம். அந்த ஊர்ப் பெயரைக் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்தாவது படியில் வேண்டும்.

மாமனார் பெயரைக் கேட்கும்போது பொறுமை வேண்டும். பழைய தலைமுறைப் பெண்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள்.

"ஆத்தா, உங்க மாமனார் பேரென்னுங்க?"

"அதை எப்படிச் சொல்றது கண்ணு… மலை மேல முருகன் ஆண்டியா நிக்கறாரல்ல, அந்த ஊருப் பேரு. நம்ம சின்னவனுக்கும் அதான் வெச்சிருக்குது."

பழனி என்று நீங்கள் சொன்னால் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டல் போதும். "சின்னவனுக்கும் அதான்" என்ற பகுதியையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த படிக்கு அதுதான் அடிப்படை.

காலத்தைக் கேட்கும்போது வருஷம் கேட்கக் கூடாது, நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் ஜெர்மன் சண்டை, 1924-இல் காவிரியிலும் பவானியிலும் வந்த பெருவெள்ளம், 1930-களில் வந்த பைக்காரா மின் நிலையத்துக் கரண்ட், 1950-களில் வந்த கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர். "வெள்ளம் வந்தப்ப எங்கப்பன் கைக்கொழந்தை" என்ற ஒரு வாக்கியம் ஒரு பிறப்பை ஓரிரு வருஷத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

3. பெயர்ச் சுழலைப் பிரித்தெடுங்கள்

அப்பாரு பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் பழனிக் கவுண்டர் மகன் காளியப்பக் கவுண்டர், அவர் மகன் பழனிக் கவுண்டர், அவர் மகன் மறுபடி காளியப்பக் கவுண்டர் என்று இரண்டே பெயர்கள் நூறு வருஷம் சுற்றி வரும். புதியவர்கள் இரண்டு பழனிகளை ஒருவராக்கிவிடுகிறார்கள். மரத்தில் இரண்டு தலைமுறைகள் காணாமல் போகின்றன.

பரிசோதிக்கும் வழி எளிது. ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம் வைத்துக்கொள்ளுங்கள். 1870-களில் பெரியவராக நிலம் வாங்கியவரும் 1930-களில் பாகம் பிரித்துக் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருப்பது அரிது. நோட்டில் பழனி-1, பழனி-2 என்று எண் போட்டே எழுதுங்கள்.

மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பெயர் வைத்த பிள்ளையை அவன் தாய் சாமி என்றும் சின்னு என்றும் கூப்பிட்டிருப்பார். ஊர் முழுக்க அதுவே நிலைத்திருக்கும். பத்திரத்திலும் பட்டாவிலும் வேறு பெயர். ஒவ்வொருவருக்கும் கூப்பிடும் பெயர், காகிதப் பெயர் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். "சின்னச்சாமின்னு ஒருத்தர் இருந்தாரு, பத்திரத்துல அவரைக் காணோம்" என்று புலம்புவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இதுதான் காரணம்.

4. வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆபீஸ்களுக்கு அலைவதற்கு முன் வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் உள்ள தகரப் பெட்டிகளைப் பார்த்துவிட வேண்டும். சர்வே நம்பரும் பட்டா நம்பரும் இல்லாமல் எந்த ஆபீஸிலும் எதையும் தேட முடியாது. அவை கிடைக்கும் இடம் இந்தப் பெட்டிதான்.

பழைய பத்திரங்கள் முதலில். அடுத்து கிஸ்து (நிலவரி) ரசீதுகள். அவற்றில் பசலியும் பட்டா நம்பரும் இருக்கும். ஜாதக நோட்டில் பிறந்த தமிழ் வருஷம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம் இரண்டிலும் உறவினர் பெயர்கள் முறையோடு அச்சாகியிருக்கும்.

யாரும் மதிக்காத ஒன்று மொய் நோட்டு. பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதுவார்கள். 1940-களின் மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொலைவிலுள்ள ஓர் ஊரிலிருந்து பலர் வந்திருந்தால், அது பெண் எடுத்த ஊராகவோ பழைய ஊராகவோ இருக்கும்.

எதையும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லாதீர்கள். அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, மடிப்பு மாறாமல் திருப்பிக் கொடுங்கள். நிலப் பத்திரத்தை வெளியே விடுவதற்குப் பெரியவர்கள் தயங்குவது நியாயம்தான். ஒரு முறை நம்பிக்கை போய்விட்டால் மற்றப் பங்காளி வீடுகளின் கதவும் சாத்திக்கொள்ளும்.

5. சார்பதிவகம்: இன்றைய நிலத்திலிருந்து பின்னோக்கி

இப்போதுள்ள முறையில் பத்திரப் பதிவு தொடங்கியது 1865-இல். ஊர் மாறி வந்த தலைமுறை இந்தப் பதிவேடுகளின் முதல் முப்பது வருஷத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தேடலில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

முதலில் குடும்பத்தின் பழைய நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975-க்குப் பிந்தையது இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதை ஆபீஸில் மனுப் போட்டுத் தேட வேண்டும். சொத்தை வைத்துத் தேடும் அட்டவணை ஒன்று, ஆள் பெயரை வைத்துத் தேடும் அட்டவணை ஒன்று என இரண்டு உண்டு. இரண்டையும் கேளுங்கள். நிலத்தை விற்றுவிட்டுப் போன பங்காளியைப் பெயர் அட்டவணைதான் காட்டும்.

புதிய சார்பதிவகங்கள் பிரிந்தபோது பழைய புத்தகங்கள் தாய் ஆபீஸிலேயே தங்கியிருக்கக்கூடும். "இங்க இல்லீங்க" என்று பதில் வந்தால், 1900-இல் இந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். தகப்பன் பெயர், எல்லா ஆண் மக்கள், மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனான தாய் என்று ஒரு குடும்பம் முழுவதும் ஒரே காகிதத்தில் நிற்கும். பெண் மக்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பங்கு இல்லாத காலம் அது. விதவைகளின் பெயரை ஜீவனாம்சப் பத்திரத்திலும், மகள்களின் பெயரைத் தான செட்டில்மென்டிலும் உயிலிலும் தேட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் உங்கள் மரத்தில் பாதிக் குடும்பம் இருக்காது.

நிலம் எப்படி வந்தது என்று பத்திரம் சொல்லும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். பிதிரார்ஜிதம் என்று எழுதியிருந்தால், எழுதியவரின் தகப்பன் தலைமுறையிலேயே அந்த நிலம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். சுயார்ஜிதம் (தானே சம்பாதித்தது) என்றோ, இன்னாரிடம் கிரயம் பெற்றது என்றோ இருந்து, அதற்கு முன் அந்த ஊரில் அந்தக் குடும்பத்தின் பெயரே இல்லாமல் இருந்தால், ஊர் மாறி வந்தவரை நெருங்கிவிட்டீர்கள்.

செக்குபந்தியையும் (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) சாட்சிகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். பாகம் பிரித்த பூமி பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். "இன்னார் பூமிக்கு மேற்கு" என்பதில் உள்ள இன்னார் பல நேரம் அண்ணனோ தம்பியோ. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது பங்காளியாகவோ மச்சானாகவோ இருப்பார். அவருடைய ஊரும் அங்கே எழுதியிருக்கும்.

நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவு செய்யும் கட்டாயம் அப்போது இருக்கவில்லை. ஆகவே பத்திரம் கிடைக்கவில்லை என்பதால் நிலம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

6. பழைய எழுத்தைப் படிப்பது

பழைய பத்திரத்தில் பலர் மலைத்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு குறிகள் பழகினால் போதும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௺ நம்பர், ௹ ரூபாய். எண்கள் ௲௮௱௮௰௪ என்று இருந்தால் ஆயிரம், எட்டு நூறு, எட்டுப் பத்து, நான்கு, அதாவது 1884. பக்கத்தில் தாரண ௵ என்று இருந்தால் கணக்கு சரி, 1884-85 தாரண வருஷம்தான்.

ஏமாற்றும் குறி ஒன்று உண்டு: ௸. மேற்படி என்று பொருள். "பொள்ளாச்சி தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் காளியப்பக் கவுண்டர் குமாரர் பழனிக் கவுண்டருக்கு ௸ ஊரிலிருக்கும் ௸ கவுண்டர் குமாரர் ராமசாமிக் கவுண்டர் எழுதிக்கொடுத்தது" என்று வந்தால், இரண்டாவது ௸ யாரைக் குறிக்கிறது? கடைசியாகத் தகப்பன் இடத்தில் சொன்ன காளியப்பக் கவுண்டரையா, பெறுபவரான பழனிக் கவுண்டரையா? முதலாவது சரியென்றால் ராமசாமி அண்ணனோ தம்பியோ, இரண்டாவது சரியென்றால் மகன். அந்த ஒரு பத்திரத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். இருவரும் வரும் இன்னொரு பத்திரம் கிடைக்கும்வரை கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, குறிலும் நெடிலும் ஒன்றுபோல இருக்கும், காலும் ரகரமும் குழப்பும். முதல் பத்திரத்தை வரிக்கு வரி நோட்டில் பெயர்த்து எழுதுங்கள். அதே எழுத்தரின் கை இரண்டாவது பத்திரத்தில் பழகிவிடும்.

7. வருவாய்த் துறைக் கணக்குகள்

இன்றைய சர்வே நம்பரை வைத்துக்கொண்டு நூறு வருஷம் பின்னால் போக முடியாது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் மாறின. அதற்கு முந்தைய மறுநில அளவையில் நம்பர்களும் மாறியிருக்கும். பழைய நம்பருக்கும் புதிய நம்பருக்கும் உள்ள ஒப்பீட்டுப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். அதன்பின் பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேடு, அ பதிவேடு (கிராம நிலங்களின் மூலப் பதிவேடு), அடங்கல் (வருஷப் பயிர்க் கணக்கு).

1980-இல் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியகாரர் (கிராமத் தலைமை அலுவலர்) பதவிகள் ஒழிந்தபோது கிராமக் கணக்குகள் கை மாறின. ஊருக்கு ஊர் நிலைமை வேறு. கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லாதது தாலுகா ஆபீஸிலோ கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்ட் ரூமிலோ இருக்கலாம். பழைய செட்டில்மென்ட், இனாம் பதிவேடுகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போகும் முன் கிராமம், பழைய தாலுகா, பழைய ஜில்லா மூன்றையும் சரியாக எழுதிக்கொண்டு போங்கள்.

ஜில்லா எல்லையைக் கவனிக்காமல் அலைபவர்கள் நிறைய. கரூர் தாலுகா 1910 வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, பிறகு திருச்சிக்குப் போனது. கொள்ளேகால் 1956 வரை கோயமுத்தூரில் இருந்து மைசூருக்குப் போனது. ஈரோடு தனி மாவட்டமானது 1979-இல்தான், திருப்பூர் 2009-இல். காங்கேயத்துக் குடும்பத்தின் 1880-களின் காகிதத்துக்குத் திருப்பூர் என்ற தலைப்பில் தேடினால் எதுவும் வராது.

ஊர் மாறி வந்தவர்களின் நிலத்துக்குக் கிரயப் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். புறம்போக்கையும் தரிசையும் தர்காஸ்து மனு (அரசு நிலத்தைக் கேட்கும் மனு) போட்டு வாங்கியவர்கள் உண்டு. அது வருவாய்க் கணக்கில்தான் இருக்கும், சார்பதிவகத்தில் இருக்காது.

அந்தக் கிராமம் ஜமீன் கிராமமா என்றும் கேளுங்கள். ஊத்துக்குளி, சமத்தூர் போன்ற பாளையங்கள் பொள்ளாச்சிப் பக்கம் இருந்தன. ஜமீன் நிலத்தின் குடியானவர் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது. 1948-ஆம் வருஷச் சட்டத்தால் ஜமீன் ஒழியும்வரை அரசுக் கணக்கில் உங்கள் ஆட்களின் பெயரை எதிர்பார்க்க முடியாது.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்கும் என்று நினைத்துத் தொடங்குபவர்களும் உண்டு. வெளிநாட்டுக் குடும்பங்களைப் பற்றிப் படித்ததனால் வரும் எண்ணம் அது. இங்கே 1871, 1881 கணக்கெடுப்புகளின் மொத்தத் தொகைகள்தான் நிற்கின்றன. வீட்டுவாரித் தாள்களைப் பாதுகாக்கவில்லை.

8. கோர்ட்டுக் காகிதம்

குடும்பத்தில் பாக வழக்கு நடந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிராதில் (வழக்கு மனுவில்) வம்சாவளி அட்டவணை இணைப்பது வழக்கம். எதிர்த்தரப்பு அதை மறுக்க இடமிருந்தும் மறுக்காமல் விட்டிருந்தால், அந்த அட்டவணை மிகவும் நம்பத்தக்கது. தீர்ப்பு நகல் வக்கீல் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ கிடைக்கும். இல்லையென்றால் வழக்கு நம்பரும் வருஷமும் தெரிந்தால் முன்சீப் கோர்ட்டில் நகலுக்கு மனுப் போடலாம்.

9. பிறப்பு, இறப்பு

1899-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கிராமப் பிறப்பு, இறப்புக் கணக்குகள் ஓரளவு சீராகின்றன. பழைய பதிவேடுகள் ஊரைப் பொறுத்துத் தாலுகா ஆபீஸிலோ சார்பதிவகத்திலோ இருக்கும். பிறப்பில் குழந்தையின் பெயர் இருக்காது. "இன்னாருக்கு ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். இறப்பில்தான் பெயரும் உத்தேச வயதும் வரும். ஊர் மாறி வந்த தலைமுறையின் கடைசி ஆட்கள் 1900-க்கும் 1920-க்கும் இடையில் இறந்திருப்பார்கள் என்பதால் இறப்புப் பதிவேட்டையே முதலில் பாருங்கள். வயதைக் குத்துமதிப்பாகத்தான் எழுதியிருப்பார்கள். பத்து வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

10. பழைய ஊரோடு இணைப்பது

இதற்குள் உங்கள் கையில் ஊர் மாறி வந்தவரின் பெயரும் அவர் தகப்பன் பெயரும் கட்டம் போட்ட ஊர்ப் பெயரும் இருக்க வேண்டும். தகப்பன் பெயர் இல்லாமல் பழைய ஊருக்குப் போகாதீர்கள். போனால் "ஆமாங்க, எங்காளுங்கதான்" என்று எல்லோரும் அன்போடு சொல்வார்கள். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அது ஆதாரம் ஆகாது.

ஊர்ப் பெயரை உறுதி செய்யுங்கள். கவுண்டம்பாளையம், புதுப்பாளையம், குளத்துப்பாளையம் எல்லாம் கொங்கு நாட்டில் தாலுகாவுக்கு ஒன்று இருக்கும். குக்கிராமத்தின் பெயரை மட்டும் வைத்து இறங்காமல், அது எந்த வருவாய்க் கிராமத்தில் சேர்ந்தது என்று பாருங்கள். புது ஊரில் உங்கள் தோட்டத்துக்கு "தாராபுரத்தார் தோட்டம்", "காங்கயத்தான் காடு" என்ற மாதிரிப் பெயர் இருந்தால் அது நல்ல துப்பு.

குலதெய்வக் கோயிலில் முதலில் கேட்க வேண்டியது தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கோயில் வரி) நோட்டு. வெளியூரில் இருக்கும் பங்காளிகளிடமும் வரி வாங்கியிருப்பார்கள்; ஊர்வாரியாக ஆண் மக்கள் பெயர் இருக்கும். கோயில் நிர்வாகியிடமும் பூசாரியிடமும் அனுமதி கேட்டு, அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து பாருங்கள். தீபத்தம்பம், மண்டபத் தூண், கிணற்றுக் கல் ஆகியவற்றில் உபயம் என்று வெட்டிய பெயர்களைச் சாய்ந்த வெயிலில் படிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல்லின் மேல் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள்.

புது ஊரில் உங்கள் குலதெய்வத்துக்குச் சின்னக் கோயில் இருந்தால், அது பிடிமண் (பழைய கோயிலின் ஒரு பிடி மண்) எடுத்து வந்து கட்டியதா என்று கேளுங்கள். எந்த ஊரிலிருந்து, யார் எடுத்து வந்தார், யார் யார் பங்கு போட்டார்கள் என்பது பெரும்பாலும் நினைவில் இருக்கும். சேர்ந்து வந்த அண்ணன் தம்பிகள் யார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. இணைப்பை மரத்தில் மையால் எழுத ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் வேண்டும். பழைய ஊரின் தலைக்கட்டு நோட்டும் புது ஊரின் பத்திரமும் ஒரே தகப்பன் பெயரையும் ஒரே அண்ணன் தம்பிகளையும் காட்டினால் போதும். ஒரே பாட்டியிடமிருந்து இரண்டு பேர் கேட்டுச் சொன்ன கதை இரண்டு ஆதாரம் ஆகாது. ஒன்றுதான் கிடைத்ததென்றால் பென்சிலில் புள்ளிக்கோடு போடுங்கள்.

தாதுப் பஞ்சத்தில் வந்தோம் என்பதையும் இப்படியே சோதிக்க வேண்டும். பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீண்டது; தாதுவுக்கு அடுத்த ஈசுவர வருஷமும் அதே அவதிதான். ஆனால் வெகுகாலத்துக்கு முன் நடந்த எதையும் தாதுவில் நடந்தது என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1869-இலேயே புது ஊரில் உங்கள் ஆள் ஒரு பத்திரத்துக்குச் சாட்சியாக இருந்தால், பத்திரத்தைத்தான் நம்ப வேண்டும்.

11. கூட்டம் எதற்கு உதவும்

கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது என்பதால், பெண் எடுத்த குடும்பங்களைப் பிரித்தறிய அது நன்றாக உதவும். ஓர் ஊரில் அதே பெயரில் இரண்டு குடும்பங்கள் இருந்து ஒன்று தூரன் கூட்டம், மற்றொன்று ஆந்தை கூட்டம் என்றால், குழப்பம் அங்கேயே தீர்ந்தது. தெலுங்கு பேசும் குடும்பங்களில் இண்டி பேரு (வீட்டுப் பெயர்) இந்த வேலையைச் செய்யும். இவையெல்லாம் தவறான ஆளை விலக்கத்தான் உதவும். சரியான தகப்பனை அடையாளம் காட்டாது.

நிலமில்லாமல், பண்ணையத்து ஆட்களாகக் கூடவே வந்த குடும்பங்களுக்குப் பத்திரமும் பட்டாவும் துணை நிற்காது. அவர்களுக்கு இறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அவர்களின் சொந்தக் கோயில் வரி நோட்டு, பிற்காலத்து நில ஒதுக்கீட்டுக் காகிதங்கள் ஆகியவைதான் வழி. பண்ணையக்காரர் குடும்பத்தின் பழைய கணக்கு நோட்டுகளில் அவர்கள் பெயர் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால், கேட்டு வருபவர்களுக்குத் தயங்காமல் காட்டுங்கள்.

12. எழுதி முடிப்பது

மரத்தைக் கையால் வரைந்து வைத்தாலும், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம் என்று வையுங்கள். மனைவியின் பெயர், அவர் பிறந்த ஊர், அவர் கூட்டம் மூன்றுக்கும் இடம் விட்டு வரையுங்கள். இடம் விடாமல் வரைந்த மரத்தில் பின்னால் பெண்களைச் சேர்க்க முடிவதில்லை.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் சொத்து விவரத்தையும் பொதுவில் போடக் கூடாது. மரத்தின் நகலில் அந்தத் தலைமுறையைப் பெயர் மட்டும் வைத்து நிறுத்துங்கள். நகல் ஒன்றைப் பழைய ஊர்ப் பங்காளி வீட்டிலும் ஒன்றைக் குலதெய்வக் கோயிலிலும் கொடுத்து, புள்ளிக்கோடு போட்ட இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் உங்கள் போன் நம்பரை எழுதிவிட்டு வாருங்கள்.